விரல்களுக்கு மட்டும் தெரிந்த ஆங்கிலம்

படகு கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு கரையும் பனியில் மறைந்துவிட்டன. லாவண்யா கலிதா சால்வையைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலையொட்டி வரும் அறுவடைத் திருநாளான மாக பிஹூ நெருங்கும் நாட்களில் பிரம்மபுத்திரா தூங்குவதுபோலத்தான் கிடக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் படகு நகர்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இப்படியே போய்க்கொண்டே இருந்தால், கரையே வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கரை வந்தால் பான்பஜார் வரும். பான்பஜாரில் புத்தகக் கடைகள் திறந்திருக்கும்.

வடகரையில் இருக்கும் அவளுடைய சின்ன அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு மாதமாகிறது. அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. மார்ச்சில் மேலிடத்திலிருந்து ஆள் வந்து சோதிப்பார், கடிதம் எழுதவும் அட்டவணை போடவும் தெரியாதவர்களுக்குத் தொலைதூரத் துப்ரிப் பக்கம் மாற்றல் என்று செய்தி வந்த பிறகுதான் அதிகாரி சைகியா ஆறு பேரையும் கூப்பிட்டு, முதலில் ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகம் வாங்குவோம் என்றார். யார் போவது என்ற பேச்சே எழவில்லை. எல்லோரும் அவளை பைதேவ், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்; தபால் பிரிவு திபேன் பரூவா எல்லோருக்குமாகச் சொன்னான்.

"கலிதா பைதேவ் போகட்டும். இங்கிலீஷ் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு."

இருபத்து நான்கு வருடத் தட்டச்சு. எந்தத் தாளிலும் ஒரு பிழை கிடையாது. ஆனால் லாவண்யாவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியாது. பள்ளி முழுக்க அசாமிய மொழியில் படித்து, அதற்குப் பிறகு நேராகத் தட்டச்சுப் பயிற்சிக்குப் போனவள். வார்த்தையைப் படித்தால் வேகம் போய்விடும், எழுத்தை மட்டும் பார் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அவள் அப்படியே பார்த்தாள். ஒவ்வொரு நீண்ட வார்த்தையும் அவளுக்கு விரல்கள் நடந்துபோகும் ஒரு பாதை. சில பாதைகள் பிடிக்கும், சில பாதைகளில் மோதிரவிரல் வலிக்கும். அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று அவள் கேட்டதில்லை. முதல் வருடமே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது. அப்புறம் சொல்வதற்கே இடமில்லாமல் போய்விட்டது.

கடையில் அணிமா என்ற பெண்மணி இருந்தாள். லாவண்யாவின் வயதுதான் இருக்கும். வெற்றிலை பாக்கை நீட்டி உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று புத்தகங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்று தலையணை கனத்தில் ஆங்கிலப் புத்தகம். இன்னொன்றும் ஆங்கிலம்தான், வழவழப்பான தாளில் கலர் படங்களோடு இருந்தது. மூன்றாவது நல்பாரிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அசாமிய மொழியில் எழுதிய ஒல்லிப் புத்தகம். படங்கள் மை ஊறிக் கலங்கியிருந்தன.

"ரெண்டு ரெண்டு பக்கம் படிச்சுப் பாருங்க பைதேவ். எது மண்டையில ஏறுதோ அதை எடுங்க. அட்டையப் பார்த்து வாங்காதீங்க."

லாவண்யா தலையணைப் புத்தகத்தைத் திறந்தாள். படிக்கிறவர்கள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதே நிதானத்தில் திருப்பினாள். எழுத்துகள் அழகாக நின்றன. மடியில் அவளுடைய விரல்கள் தாமாகவே லேசாக அசைந்தன, ஒரு முழுப் பத்தியை அடித்துவிட்டு ஓய்ந்தன. தலைக்குள் எதுவும் நுழையவில்லை. வெளியே ரிக்‌ஷா மணிகள் பனிக்குள்ளிருந்து கேட்டன, யாரோ தண்ணீருக்கு அடியில் ஆட்டுவதுபோல. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது அணிமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. பால் கலக்காத தேநீர் ஒன்று சொல்லட்டுமா என்று கேட்பதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் லாவண்யாவின் வாய் திறந்துகொண்டது.

"எனக்கு இங்கிலீஷ் அடிக்கத்தான் தெரியும். படிக்கத் தெரியாது."

சொன்ன பிறகு, வேறு யாரோ சொன்னதைக் கேட்டதுபோல் இருந்தது. அணிமா பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"நான் இருபது வருஷமா விக்கிறேன். இந்தக் கடையில முக்கால்வாசி புத்தகத்தை நான் தொறந்ததே இல்ல," என்றாள். பிறகு ஒல்லிப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

முதல் பக்கம் இப்படி ஆரம்பித்தது: 'இயந்திரத்தின் முன் நிம்மதியாக உட்காருங்கள். அது உங்களைவிட வேகமானது, ஆனால் நீங்கள் சொல்லும்வரை எதுவும் செய்யாது.' லாவண்யா உட்கார்ந்த இடத்திலேயே ஒன்பது பக்கம் படித்தாள். மெனுவில் வரும் ஆங்கில வார்த்தை ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பொருளை எழுதியிருந்தார் அந்த ஆசிரியர். அவள் ஆயிரம் முறை அடித்த வார்த்தைகள் சிலவும் அதில் இருந்தன. பல வருடம் தினமும் எதிரில் வந்துபோகும் ஒருவரின் பெயர் தெரியவருவது போலிருந்தது.

ஒல்லிப் புத்தகத்தோடு திரும்பும் படகில் ஒரு பொய்யைத் தயாரித்தாள். பெரிய புத்தகம் கடையில் தீர்ந்துபோய்விட்டது. அவ்வளவுதான், எளிய பொய். இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப்பார்த்தாள், சரியாகத்தான் வந்தது.

மறுநாள் புத்தகத்தை மேஜையில் வைத்ததும் திபேன் எடுத்துப் புரட்டினான்.

"மெஷின் இங்கிலீஷ் பேசுது, நம்ம புத்தகம் அசாமியா பேசுது. நடுவுல கல்யாணத் தரகர் யாரு பைதேவ்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் நேற்று ஒருமுறை சொல்லிவிட்ட உண்மை அதைவிட இலகுவாக வந்தது. கடைக்காரப் பெண்ணிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. திபேன் புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்தான். தனக்கும் இந்தப் புத்தகம்தான் சரி என்று தரையைப் பார்த்துச் சொன்னான். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

சைகியா ஓரடி முன்னால் வந்து கேட்டார்.

"அப்போ நான் எழுதிக் கொடுத்த ரகசியக் கடிதமெல்லாம்?"

"என் விரலுக்கு மட்டும்தான் தெரியும் சார்."

அவர் முகம் வெளுத்ததை லாவண்யா பார்த்தாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு வந்த நாட்களில் உறையை எடுத்துவிட்டு, ஒருவர் படிக்க ஒருவர் அழுத்த என்று ஆறு பேரும் கற்றார்கள். திபேன் தன் பெயரை இவ்வளவு பெரிதாகத் திரையில் வரவழைத்துவிட்டுச் சின்னதாக்கத் தெரியாமல் தவித்தான். லாவண்யாவுக்கு இரவில் கண்ணை மூடினாலும் வெள்ளைத் திரை தெரிந்தது, பனி மூடிய ஆறுபோல, அதில் தன் விரல்கள் மட்டும் மிதந்துகொண்டு. ஆனால் சைகியாவின் முகமும் நடுவே வந்துபோனது.

பிஹூவுக்கு முந்தின நாள் மற்றவர்கள் மதியமே கிளம்பிவிட்டார்கள். லாவண்யா ஒரு அட்டவணையை முடித்துக்கொண்டிருந்தாள். சைகியா ஒரு பழைய கோப்போடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கோப்பின் நாடாவையே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் பூஜைக்கு முன்னால ஒரு கடிதம். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதில் அவள் பெயர் மூன்று முறை வந்தது. தலைமைத் தட்டச்சர் பதவிக்குத் தன்னைப் பரிந்துரைக்கிறார் என்று நினைத்து, அந்தத் தாளைப் பூத்தொடுப்பதுபோல அடித்தாள். நன்றியாக மறுநாள் தேங்காய் லட்டும் செய்துகொண்டு வந்தாள். பதவி வேறு யாருக்கோ போனது. எழுதியும் கிடைக்கவில்லையே, அவர் என்ன செய்வார் என்று ஆறுதல்பட்டுக்கொண்டாள்.

"அதுல நான் உங்களுக்கு நல்லதா எழுதல பைதேவ். என் மச்சான் வழியில ஒருத்தருக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. நீங்க கண்ணு கூட இமைக்காம அடிச்சுக் கொடுத்தீங்க. மறுநாள் லட்டு வேற. எல்லாம் தெரிஞ்சேதான் தர்றீங்கன்னு நினைச்சேன். அது தொண்டையில இறங்கவே இல்ல. அதுக்கப்புறம் உங்களை நேரா பார்த்ததில்ல."

லாவண்யா மேஜைமேல் இருந்த தன் பத்து விரல்களையும் பார்த்தாள். அவைதான் அதைச் செய்தன, ஒரு பிழையும் இல்லாமல். அவற்றின்மேல் கோபம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"மேலிடத்துக்கு வேற கடிதம் எழுதறேன். இது தப்புன்னு எழுதறேன்," என்றார் அவர்.

"அதை அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல இதை அசாமியாவில படிச்சுக் காட்டுங்க. ஒவ்வொரு வரியா."

சைகியா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கார்பன் நகலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதல் வரியில் விரலை வைத்தவர் அதற்குச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்ததால், அட்டவணை மறைந்து திரை கறுத்தது. நடுவிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு நிறைய. நட்சத்திரங்கள், தொடாமல் விட்டால் இயந்திரம் தானாகக் காட்டும் படம். அவை அவளை நோக்கி ஓசையின்றி வந்து, காதருகே பிரிந்து போய்க்கொண்டே இருந்தன. லாவண்யா அவற்றைப் பார்த்தபடி, அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தாள்.