முதல் தர முத்திரை

வடக்கனந்தலைத் தாண்டி மலை தொடங்குகிற இடத்தில் இருக்கும் உளவியல் பல்கலைக்கழகம் முதலில் கோழிப்பண்ணையாக இருந்தது. ஆறுதலாகப் பேசினால் ஒரு கோழி நாளைக்கு மூன்று முட்டை இடுகிறது என்று கண்டுபிடித்த பண்ணைக்காரர் சிவசங்கர், மனிதரிடமும் பேசிப் பார்க்கலாமே என்று தொடங்கியதுதான். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். நூலகத்தில் இன்னும் இறகு பறக்கிறது.

இளங்கலை, முதுகலை, பள்ளி உளவியல் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆலோசனைப் படிப்புக்குத்தான் கண்டம். அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு வருவதற்குள் நூறு பேரிடம் பேசிய பதிவு வேண்டும். இல்லாவிட்டால் படிப்பை மூடிவிடுவார்கள். துறைத்தலைவி தேவிப்ரியா பழையபடி விடுதிக் காப்பாளராகி, சாம்பாரில் உப்பு பார்க்க வேண்டியதுதான். ஆலோசனை அறையில் இரண்டு மாதமாக அவளும் மின்விசிறியும் மட்டுமே.

காவலாளி கொளஞ்சியப்பனிடம் புலம்பினாள். அவர் வெள்ளிமலை ஜீப்பில் போகிறவர்களிடம், இங்கே ஒரு அம்மா யார் எது சொன்னாலும் எழுதிக்கொள்கிறார் என்று மட்டும் சொல்லிவைத்தார்.

மறுநாள் சாலை வரை வரிசை. முதல் ஆள், மரவள்ளிக்குக் களையெடுக்கும் தைலம்மாள்.

"தூக்கமே வர்லீங்க. சாயங்கால பஸ்ஸ நிறுத்திட்டாங்க. எழுதிக்கோங்க."

எழுதி முடித்ததும் தைலம்மாள் கையை நீட்டினாள். மேசை போட்டு ஒருவர் எழுதினால் அது மனு வாங்குகிற இடம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மலைக்காரர்கள் நகரமாட்டார்கள். இது வேறு என்று தேவிப்ரியா விளக்கினாள்.

"சீட்டு இல்லாம இன்னா எடங்க இது?"

வரிசை கலையத் தொடங்கியது. தேவிப்ரியா அவசரமாகச் சீட்டு எழுதி முத்திரை குத்தினாள். அலமாரியில் அகப்பட்ட ஒரே முத்திரை 'முட்டை, முதல் தரம்.' நூற்றுப் பன்னிரண்டு பேர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மலையேறினார்கள்.

ஆய்வுக் குழுத் தலைவர் கோப்புகளைப் படித்துவிட்டு, இது ஆலோசனை மையமா, தாலுகா அலுவலகமா என்று கேட்டார். தேவிப்ரியாவுக்குச் சாம்பார் வாசனை அடித்தது. வெளியே தைலம்மாள் மறுபடியும் வந்து நின்றாள். அவளைக் கூப்பிட்டு, பஸ் வந்ததா என்று தலைவர் விசாரித்தார்.

"பஸ் வர்லீங்க, தூக்கம் வந்துருச்சு. மத்த ஆபீஸ்ல மனுவ வாங்கிக்கினு போன்னுவாங்க. இவங்க கடைசி வரைக்கும் கேட்டாங்க. அதான் இன்னொன்னு சொல்ல வந்தேன்."

தலைவர் மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பதினோரு வருடத்துக்கு முன் தன் கைக்கு வராமல் போன துணைவேந்தர் பதவியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். எழுந்து வாசல் வரை போனவர், திரும்பி வந்து கையை நீட்டினார்.

தேவிப்ரியா முத்திரையை ஊதிக் குத்திக் கொடுத்தாள்.

அங்கீகாரம் அடுத்த வாரமே வந்தது. பஸ் இன்னும் வரவில்லை.