வெறும் பெயருக்கு வைத்த மாற்றுப்பெயர்

ஹியூன்வில் என்ற சிற்றூரில் தேன்கடை வைத்திருந்த ஐவர் பாஸ்கோ ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார். மனைவி ரோனா ஹோபார்ட் மருத்துவமனையில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகன் டேமனுக்கு, "அம்மாவுக்கு முடியல, வந்துடு" என்று கடையின் மின்னஞ்சலிலிருந்து எழுதியிருந்தார். அவனுடைய போன் நம்பர்கூட அவரிடம் கிடையாது.

அந்தக் கவலையில் அவர், கடையின் இணையதளத்தைக் கவனிக்கும் டெஸ்மீது எரிந்து விழுந்தார்.

"முன்னால www போட்டாத்தான் கடை திறக்குதாம். வெறும் பேரைத் தட்டினா வெள்ளைத் திரை. நீ என்னத்தத்தான் பாக்கறே?"

"அஞ்சு நிமிஷ வேலை ஐவர். கத்தாதீங்க, தேனீயெல்லாம் ஓடிரும்."

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. கடையின் இணையப் பெயர் எங்கே போகவேண்டும் என்று குறிக்கும் டொமைன் அமைப்புகளில், டெஸ் www-வுக்கு இருந்ததைப் போலவே வெறும் பெயருக்கும் ஒரு மாற்றுப்பெயரை எழுதினாள். யார் கேட்டாலும் இணையதளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பிவிடு என்று அதற்குப் பொருள். கடை பளிச்சென்று திறந்தது. பாவி, ஒன்றை மறந்துவிட்டாள். மின்னஞ்சலும் அந்த வெறும் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. மாற்றுப்பெயர் வந்து உட்கார்ந்த இடத்தில் வேறெதுவும் செல்லாது. கடைக்கு வரும் கடிதங்களும் அந்த நிறுவனத்தின் வாசலுக்குப் போய், ஆளில்லை என்று திரும்பிவிடும்.

பதில் வரவில்லை.

"அவன் வரமாட்டான் ரோனா. அவனுக்கு நெஞ்சே கிடையாது," என்று ஐவர் சொன்னபோது டெஸ்ஸும் பக்கத்தில் இருந்தாள். ரோனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், தேன் வாங்க வந்த ஒருத்தி, "மெயில் போட்டா திரும்பித் திரும்பி வருதே, கடையை மூடறீங்களா?" என்று கேட்டாள். டெஸ் ஓடிப்போய் மாற்றுப்பெயரை அழித்து, வெறும் பெயருக்கு இணையதளம் இருக்கும் கணினியின் முகவரி எண்ணையே நேராக எழுதினாள்.

சற்று நேரத்தில் கடை போன் அடித்தது. டெஸ்தான் எடுத்தாள்.

"டேமன் பேசறேன். அப்பாகிட்ட குடுக்காதீங்க. டிக்கெட் எடுத்துட்டேன்னு மெயில் போட்டேன், திரும்பி வந்துருச்சு. மறுபடி போட்டேன், அதுவும் வந்துருச்சு. சரி, என்னை வேணாம்னு அடைச்சிட்டார்னு நெனச்சு டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். மனசு கேக்கல..."

"அவர் அடைக்கல டேமன். நான்தான் தப்பா எழுதிட்டேன். அவர் உங்க பதிலுக்காகவே உக்காந்திருந்தாரு."

மறுமுனையில் சட்டென்று ஒரு சிரிப்பு, குழந்தைச் சிரிப்பு.

"நெஜமாவா? அட, அப்போ இன்னிக்கே கிளம்பறேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

டெஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.