மகள் வீட்டுக்கு வந்தாள்

என் குண்டூசியெல்லாம் எங்கடா போச்சுன்னு தேடினா, எங்க வீட்டுக்காரர் ரூம் சுவத்துல போய்க் குத்திக்கிட்டு நிக்கும். நான் வீட்டுலயே தையல் வேலை பார்க்கிறவ. கலர் தலை வச்ச குண்டூசி இல்லாம எனக்குக் கையே ஓடாது. அவருக்கோ உலக மொழிகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்கிற உத்தியோகம். சுவர் முழுக்க உலகப் படம். வினைச்சொல் முதல்ல வர்ற மொழிக்குச் சிவப்பு ஊசி, நடுவுல வந்தா நீலம், நம்ம மாதிரி கடைசியில வந்தா மஞ்சள். "என் ஊசியை வச்சு உலகத்தையே தச்சிடலாம்னு பார்க்கறீங்களா?"ன்னு கேட்டா, "சும்மா தொணதொணக்காதே"ம்பார்.

ஒப்பிடணும்னா எல்லா மொழியிலயும் ஒரே வாக்கியம் வேணுமாம். நெட்டுல விளம்பரம் போட்டு எங்கெங்கயோ இருக்கிற ஆளுங்களைப் பிடிச்சு, அதை அவங்கவங்க மொழியில சொல்லிப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுவார். என்ன வாக்கியம் தெரியுமா? 'மகள் வீட்டுக்கு வந்தாள்.'

"ஏங்க, வேற வாக்கியமே கிடைக்கலையா?"

"மகள் இல்லாத ஊர் உண்டா? வீடு இல்லாத ஊர் உண்டா? வசதியான வாக்கியம்டி."

வசதியாம்! பெத்த மகளைப் பார்த்து 'இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே'ன்னு சொன்ன வாய் அது. மூணு வருஷமாச்சு. எங்களுக்கு ஒரே பொண்ணு. அவ செஞ்ச தப்பு, கப்பல்ல வேலை பார்க்கிற ஒருத்தனைக் கட்டிக்கிட்டது. அவன் பேச்சு நமக்குப் புரியாது, நம்ம பேச்சு அவனுக்குப் புரியாது. ஊர் உலகத்து மொழியெல்லாம் இந்த மனுஷனுக்கு வேணும், அதுல ஒண்ணைப் பேசற மாப்பிள்ளை மட்டும் ஆகாதாம். எனக்கு வயிறு எரியாம என்ன செய்யும்?

என் பொண்ணு குட்டி எனக்கு மட்டும் எப்பவாவது போன் பண்ணுவா. "ஒரு எட்டு வந்துட்டுப் போடி"ன்னு கெஞ்சினா, "அப்பா வாயால வான்னு சொல்லட்டும்மா, அடுத்த நிமிஷம் கிளம்பறேன்"ம்பா. இவர்கிட்ட சொன்னா, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் திரும்பிக்குவார். ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நான்.

அவர் ரூம்லதான் மத்தியானம் வெளிச்சம் நல்லா இருக்கும்னு என் மெஷினை அங்கயே போட்டிருக்கேன். அவர் அந்தக் குரல்களை ஓடவிடுவார். யாரோ ஒரு கிழவர், யாரோ ஒரு பொம்பளை, சிரிப்பை அடக்க முடியாத ஒருத்தி, எல்லாரும் என் மகள் வந்துட்டான்னுதான் சொல்லிக்கிட்டிருப்பாங்க. கேட்டுக்கிட்டே எனக்குக் கண்ணு சொருகும்.

கனவுல அவ வருவா. ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு விதமா. சிவப்பு ஊசி மொழியில 'வந்தாள்'ங்கிறதுதான் முதல்ல. செருப்புச் சத்தம் கேட்கும், பெட்டி தொப்புன்னு விழும், அப்புறம்தான் அவ முகம் தெரியும், அதுக்கும் அப்புறம் எங்க ரெண்டு பேரையும் சுத்தி மெதுவா சுவர் எழும்பும். எல்லாத்தையும் ஒரே சொல்லா ஒட்டிப் பேசற மொழிகூட இருக்காம். அதுல வீடே அவ இடுப்புல ஏறி உட்கார்ந்துக்கிட்டு என்னைத் தேடி வரும். ஜன்னல் திரையெல்லாம் காத்துல ஆடும், எனக்குச் சிரிப்பா வரும். நம்ம மொழியிலதான் பாடு. மகள் நிப்பா, வீடு நிக்கும், வந்தாளா இல்லையான்னு கடைசியிலதானே தெரியணும்? அதுக்குள்ள முழிப்பு வந்துடும். பார்த்தா மெஷின் மேல தலை சாஞ்சிருக்கும், கன்னத்துல நூல் தடம்.

அன்னிக்கும் அப்படித்தான் கண்ணசந்தேன். அவர் ஹெட்போனோட உட்கார்ந்திருந்தார். வயர் கழண்டுக்கிட்டது அவருக்கே தெரியலை. ஒரு குரல் வெளியில கேட்டுச்சு. புரியாத மொழி. ஆனா பேசறதுக்கு முன்னாடி மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுச்சு. பள்ளிக்கூட மேடையில நின்னாலும் மூக்கை உறிஞ்சிட்டுத்தான் வாயைத் திறப்பா என் குட்டி.

தூக்கமெல்லாம் பறந்துபோச்சு. "யாருங்க அது?"

"யாரோ. பேர் போடலை." தலை நிமிரவே இல்லை. "அந்தக் கப்பல்காரன் மொழி. இது செல்லாது. நான் குடுத்த வாக்கியத்தை மாத்திட்டாங்க. வந்தாங்கிற பேச்சே இதுல இல்லை. தூக்கிப் போடணும்."

"அப்ப என்னதான் சொல்லியிருக்கு?"

கையில ஒரு ஊசியை வச்சு உருட்டிக்கிட்டே இருந்தார்.

"சொல்லப்போறீங்களா இல்லையா?"

"மகள் வீட்டு வாசல்ல நிக்கறாளாம்." ஊசியை மேஜை மேல வச்சார். "ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு. "ஒரு வாரமா என் பொண்ணை வாசல்ல நிக்க வச்சிருக்கீங்களே, நீங்க ஒரு மனுஷனா?"ன்னு கத்திட்டு, என் போன்ல அவ நம்பரைப் போட்டு அவர் காதுல வச்சு அழுத்தினேன்.

மணி அடிச்சுது. எடுத்தா. "சொல்லும்மா"ன்னது எனக்கே கேட்டுச்சு.

இத்தனை மொழி படிச்ச வாய் திறக்கவே இல்லை. தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம்.

"வாசல்ல ஏம்மா நிக்கறே?"ன்னார். "மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உள்ள வா."