மந்திரித்த பென்டிரைவ்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். வரிசை மாறிவிடும்; வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைச் சொல்லிவிடுவேன். அதனால் வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதா கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்ததில், எனக்கு வரவிருந்த மருமகன் நான்கு பேராகிவிட்டார்.

என் மகள் மெர்ளினுக்கும் பக்கத்துப் பங்குக் கோயிலைச் சேர்ந்த வியான்னிக்கும் புதன்கிழமை காலை கல்யாணப் பூசை என்று குறித்திருந்தோம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் சாமியார் கேட்பதுதான் ஓலை. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அருளப்பன் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருப்பார். சனிக்கிழமைதோறும் திறந்து ஒரு தாள் எடுத்துக் கொடுப்பார். ஓலையில் எப்படி வாசிக்கிறார்களோ, எங்கள் பங்கில் அப்படித்தான் இருக்கும்.

முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. அந்த வாரம்தான் திருவிழாக் கொடியேற்றத்துக்கான பாட்டுகளை மைக்செட்காரர் ஒரு பென்டிரைவில் கொண்டுவந்தார். எத்தனையோ ஊர்க் கம்ப்யூட்டர்களில் செருகி எடுத்த பென்டிரைவ். உபதேசியார் யோசிக்காமல் செருகுகிறவர் இல்லை. பூசை முடிந்ததும், புது பைக்கும் ஜெபமாலையும் மந்திரிக்கக் கொண்டுவந்தவர்களோடு வரிசையில் நின்று அதையும் நீட்டினார். சாமியார் தீர்த்தம் தெளித்தார். உபதேசியார் ஈரத்தை வேட்டியில் துடைத்துவிட்டு வந்து செருகினார். ஆபத்து இருக்கலாம், சோதிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் ஆபீஸைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"சோதிக்கவான்னு கேக்குதே உபதேசியாரே," என்றேன்.

"மந்திரிச்ச பொருளைச் சோதிச்சா விசுவாசக் குறைவுல்லா, ஜெனோவா," என்று சொல்லி, வேண்டாம் என்பதை அழுத்தினார்.

இரண்டாம் ஓலையில் வியான்னியின் பெயர் இரண்டு தடவை இருந்தது. சாமியார் இரண்டு தடவையும் வாசித்தார். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் இரண்டு வியான்னி. ஒரே நீலச் சட்டை, காதோரம் ஒரே மச்சம். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று இருவரும் கேட்டார்கள். சாப்பிட்டேன் என்று இருவருக்கும் சொன்னேன். மூன்றாம் ஓலைக்கு நான்கு ஆனார்கள். தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு வியான்னியிடம் குறை காணாதவர்கள் நான்கு வியான்னியிடம் என்ன காண்பார்கள்?

ஊருக்கு ஒரே சந்தோஷம். பந்தலுக்கு மூலைக்கொரு வியான்னி கால் பிடித்தார். கடற்கரையில் வாலிபால் ஆடும்போது எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மாப்பிள்ளை ஜெயித்தார் என்று வெடி போட்டார்கள். என் வீட்டுக்காரர் தொம்மை, "கேரம்போர்டுக்கு இனி ஆள் தேட வேண்டாம்டி," என்று பவுடரைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மெர்ளினைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இதுல யாரு உன் மாப்பிள்ளை?"

"நாலு பேரும் அவுகதானம்மா. நாலு பேரும் மெசேஜ் அனுப்புதாக. பதில் போட்டுப் போட்டு விரல் வலிக்கு."

சாமியாரிடம் போனேன். அவர் நாள்காட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "ஒருத்தர்தான் தாலி கட்டணும், ஜெனோவா. அதுவும் அசல் ஆளா இருக்கணும். நகல் கட்டினா கல்யாணம் செல்லாது. செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள யாருன்னு சொல்லிருங்க. இல்லன்னா தள்ளி வைக்கணும்."

கான்வென்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற சிஸ்டர் ஹில்டாவைக் கூட்டிவந்தோம். அவர் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"மந்திரிக்கிறது ஆத்துமாவுக்கு. ஸ்கேன் பண்றது கம்ப்யூட்டருக்கு. ஒண்ணு செஞ்சா இன்னொண்ணு வேண்டாம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

உபதேசியார் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஓலையை இனிமே யாரும் திறக்காதீங்க," என்றார் சிஸ்டர். "திறந்தா அடுத்த வரிக்குப் போயிரும்." அடுத்த வரியில் மெர்ளின் இருந்தாள். "நகலை எல்லாம் என்னால எடுத்துர முடியும். அசல் யாருன்னு நீங்கதான் காட்டணும். மாத்திக் காட்டிட்டீங்கன்னா அசல் போயிருவார். திரும்ப வரமாட்டார்."

வியான்னியின் அம்மாவை வரச் சொன்னேன். "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று வந்தவர், நான்கு பேரின் தலையையும் தடவிப் பார்த்து, நான்கு பேருக்கும் எண்ணெய் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய் சாயங்காலம் வந்துவிட்டது. மணவறைக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் சாமியாரிடம் தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நான்கு வியான்னியும் வரிசையில் நின்றார்கள். நான் தூணோரம் துடைப்பத்தோடு நின்றேன். சாமியாரிடம் கேட்க முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் யாருக்கும் சொல்லக் கூடாது. ஆனால் பாவத்துக்குத் தக்கபடி அபராதமாகக் கொடுக்கிற ஜெபத்தை வெளியே வந்து முழங்காலில் நின்றுதானே சொல்ல வேண்டும்? அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதலில் வந்தவர் ஒரே ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை உண்டான ஆட்கள், இரண்டு நாளில் என்ன பாவம் செய்திருக்க முடியும்? மூன்றாமவர் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டினார். அவர் இரண்டாம் ஓலைக்காரர். ஒன்பது நாளுக்கு அது சரிதான். நான்காமவர் உள்ளே போய் நெடுநேரம் கழித்து வந்தார். முழங்காலிட்டார். ஒரு ஜெபமாலை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. காலை மாற்றி வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தொடங்கினார். இருபத்தொன்பது வருஷப் பாவம்!

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மருமகனின் பாவத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மாமியார் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். ஓடிப்போய் அவர் கையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டினேன்.

"ஒரு ஜெபமாலை பாக்கியிருக்கு அத்தை," என்றார்.

"மெதுவா சொல்லுங்க மாப்பிள்ளை. நான் இருக்கேன்."

புதன்கிழமை காலை மஞ்சள் நூல் கட்டிய கை தாலி கட்டியது. மற்ற மூவரும் பந்தியில் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாயசம் நன்றாக இருந்தது என்று இரண்டு முறை வாங்கினார்கள். கை கழுவிவிட்டு, "வரோம் அத்தை," என்று கும்பிட்டுவிட்டு, திரும்பப் போய் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் ஹில்டா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினார். மூன்று நாற்காலிகள் காலியாயின. தொம்மைக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த ஞாயிறு பங்குப் பேரவை கூடியது. பங்கிலேயே அதிகம் பயப்படுகிறவள் நான்தான் என்று கையைத் தூக்கி முடிவு செய்து, கம்ப்யூட்டரை என் பொறுப்பில் விட்டார்கள். இப்போது எந்தப் பென்டிரைவ் வந்தாலும் முதலில் ஸ்கேன், பிறகு தீர்த்தம். கடவுச்சொல்லையும் நானே போட்டேன். பிள்ளை பெயர் கூடாது, பிறந்த தேதி கூடாது, தாளில் எழுதவே கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்றார் சிஸ்டர். எனக்கோ காலையில் வைத்த சாவி மத்தியானம் ஞாபகம் இருக்காது. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் கோபுரத்தில் ஏறி, பெரிய மணிக்குள் தலையை விட்டு, கடவுச்சொல்லை மெதுவாகச் சொல்லி, யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று கேட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து மணி வாயைத் திறப்பதில்லை. கயிற்றை இழுத்தால் ஆடுகிறது, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அது ஆடுவதைப் பார்த்துப் பூசைக்கு வருகிறார்கள். ஆபீஸ் திறக்கிற நாளில் நான் மேலே ஏறிக் காதை வைத்தால், எனக்கு மட்டும் சொல்கிறது.