பல்லு மாஸ்டரின் வண்டி

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கற்களைக் கொழுந்தன் காலால் தள்ளியதும் டிரெய்லர் ஒரு சாண் நகர்ந்து மறுபடி நின்றுகொண்டது. அமரர் ஊர்தி தெருவிலேயே காத்திருந்தது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இது குறுக்கே நிற்கும்வரை அவன் அண்ணனின் உடலை வெளியே கொண்டுபோக வழியில்லை.

“அண்ணி, உள்ள ஃபேன் ஓடிட்டே இருக்கு. நிறுத்திட்டு இழுத்தா நல்லது. எனக்கு ஸ்விட்ச் தெரியாது.”

அவளுக்கும் தெரியாது. வண்டி வந்து ஏழு மாதம் ஆகியும் நேற்று மூன்று மணி வரை அவள் அதற்குள் கால் வைத்ததில்லை.

அவள் கணவர் பல்செட் செய்கிறவர். தெருவில் எல்லோருக்கும் பல்லு மாஸ்டர். இருபத்தாறு வருடம் ஒரு பல் டாக்டரின் பின்னறையில் குனிந்தபடி வேலை பார்த்தார். டாக்டரின் மகன் பல்செட் செய்கிற மெஷின் வாங்கிப் போட்டதும் அந்த அறை போயிற்று. ரொட்டி விற்கப் போய்க்கொண்டிருந்த பழைய டிரெய்லரை இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார். தகரக் கூரைமேல் இரண்டு சோலார் பலகை, பெஞ்சுக்கடியில் பேட்டரி, ஜன்னலோரம் மேஜை, பல்செட்டைத் தேய்த்துச் சீராக்கும் மோட்டார். எழுந்து நடமாட முடியாத கிழடுகளின் வீட்டு வாசலுக்கே போய் அளவெடுத்து, அங்கேயே செய்து மாட்டிவிட்டு வரலாம் என்றார்.

“தெருத்தெருவாப் போய் பல்லு பல்லுன்னு கூவப் போறீங்களா?” என்று நேற்றுக் காலையிலும் கேட்டாள். அவர் வண்டிக்குள் ஏறிக்கொண்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. “அந்தப் பெட்டிக்குள்ளேயே குடித்தனம் பண்ணுங்க” என்றாள்.

பன்னிரண்டரைக்குச் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு தரம் சாப்பிடக் கூப்பிட்டாள். “வரேன்” என்று குரல் வந்தது. ஆள் வரவில்லை. பசித்தால் தானே வரட்டும் என்று தான் மட்டும் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். படுத்தாள். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தபோது மேஜைமேல் தலை சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று தோளை உலுக்கினாள்.

ஒன்றரை மணிக்குள் உயிர் போயிருக்கும் என்றார் வந்து பார்த்த டாக்டர். துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் “நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்” என்று அவள் சொல்லிவிட்டாள்.

இப்போது உள்ளே ஏறினாள். பின்னாலேயே மகளும் ஏறினாள். விடிகாலை பஸ்ஸில் வந்தவள், இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. சுவரில் வரிசையாக ஸ்விட்சுகள். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி அவர் கையெழுத்து. மகள் விரலால் தடவிப் படித்தாள். “லைட். மோட்டார். இதோ, ஃபேன். மெழுகு உருகாமல் இருக்க.”

அவள் அதை அணைத்தாள். தகரத்தின் சூடு உடனே தலைமேல் இறங்கியது. மேஜையில் வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடை அச்சு ஒன்று, அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகில் புதிதாக நட்டுவைத்த பற்கள்.

“நேத்து ஒரு மணிக்கு எனக்கு போன் பண்ணாரும்மா.”

“என்ன சொன்னாரு?”

“வேலை முடிஞ்சுதாப்பான்னேன். அப்பவே முடிஞ்சாச்சுன்னாரு. பின்ன ஏன் வெயில்ல வெந்துட்டிருக்கீங்கன்னேன். ‘உங்கம்மா காலைலேர்ந்து கொதிச்சிட்டிருக்கா, கொஞ்சம் ஆறட்டும். இன்னொரு தரம் கூப்பிடுவா, அப்பப் போறேன்’னு சிரிச்சாரு.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நீ கூப்பிட்டுக்கிட்டேதானே இருந்தே. இந்த ஃபேன் சத்தத்துல கேக்கலையோ என்னவோ” என்றாள் மகள். புடவைத் தலைப்பை எடுத்து அம்மாவின் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். மெழுகு பளபளக்கத் தொடங்கியிருந்தது. முன்பல் ஒன்று மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

“அண்ணி, இழுக்கலாமா?” வெளியே கொழுந்தன் கேட்டான்.

அவள் எழுந்து ஃபேனை மறுபடி போட்டாள். சாய்ந்த பல்லை ஒற்றை விரலால் நிமிர்த்தி, மெழுகு இறுகட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.