பின் ஸ்பீக்கரில் வந்த குரல்

அன்று எங்கள் கலகெதர வீட்டு ஹோலில் நான்கு பேர் இருந்தோம். சோபாவில் நானும் மருமகள் ருஷ்தாவும். எங்களுக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரை ஒட்டிய கதிரையில் அவளுடைய உம்மா நபீலா. டிவிக்கு முன்னால், நிலத்தில், என் மகன் ஸிபான்.

அவர்களுடைய கல்யாண வீடியோதான் ஓடியது.

"உம்மா, இவ்வளவு நாளும் பிசிஎம்ல, முன்னுக்கு உள்ள ரெண்டு ஸ்பீக்கருக்கு மட்டும் சத்தம் போற செட்டிங்ல, கெடந்திரிக்கி. அதான் பின்னுக்கு உள்ள ஸ்பீக்கர் பேசவே இல்ல" என்று ஸிபான் ஓடியோ அவுட்புட்டை, எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தம் போகும் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினான்.

கல்யாணத்தன்று கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் பேசியதெல்லாம் இப்போது பின் ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது.

"இது வட்டிலப்பமா, சவர்க்காரமா? நபீலா தன்ட கையாலயே செஞ்சாவாம்!"

என் குரல். நபீலா செய்த இனிப்பைச் சோப்புக் கட்டி என்று கேலி செய்கிறது.

"அது ஒங்கட சத்தம்தானே, றலியா மச்சி?" என்றார் நபீலா. "ஒவ்வொரு பெருநாளைக்கும் கேட்டு வாங்கித் தின்டீங்களே!"

ஸிபான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

மூன்று நாளாக நபீலா என் ஃபோனை எடுக்கவில்லை. ஆகவே கடிதம் எழுதினேன்: "சொன்னது நான்தான். வாயில் வைக்காமலே, பக்கத்தில் நின்றவர்களைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னேன். பிறகு கேட்டு வாங்கியது பொய்யல்ல."

உறையை ஒட்டி, கடுகண்ணாவை ஊரிலுள்ள நபீலா வீட்டு விலாசத்தை எழுதி, தபால் கந்தோரில் நானே கொடுத்தேன்.