கட்ச் சாலையில் இரண்டு கே.ஏ. வண்டிகள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பெங்களூரில் வைட்ஃபீல்டுக்குப் போகும் ஆபீஸ் வேனில் கிடைத்தது. எனக்குப் பக்கத்து சீட்டில் வரும் தமயந்தியிடம், கம்பெனி ஆண்டுமலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு: காரில் போன விடுமுறை கற்றுத்தந்த பாடங்கள். "நீதான் கதையெல்லாம் எழுதுவியே, இதையும் எழுதிக் குடேன்" என்றாள். சரி, சொல்லு என்றேன். சொன்னாள். டயரில் காற்று பாருங்கள். குஜராத்தில் பருப்பில் வெல்லம் போடுவார்கள், பயப்படாதீர்கள். மலைப்பாதையில் லாரியை முந்தாதீர்கள். வண்டியை எடுக்கும் முன், பிள்ளை எந்தக் காரில் ஏறியது என்று கண்ணால் பாருங்கள்.

"எந்தக் காருலயா? ஒங்ககிட்ட எத்தன காரு இருக்கு?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், மாரத்தஹள்ளி பாலம் வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். அத்தோடு ஆண்டுமலர் கட்டுரை போச்சு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: குழந்தை கிடைத்துவிட்டது. உங்களைப் பதறவிட்டு வேடிக்கை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நிம்மதியாகப் படியுங்கள்.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு:

"கட்ச்சின் வெள்ளை உப்புப் பாலையில் நிலா எழுந்தபோது" — இல்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள் கதையே முடிந்துவிடுகிறது.

"இரு மொழிகளுக்கு நடுவே ஊசலாடிய தமயந்தி" — அடச்சீ. இதைப் படித்தால் ஓடுகிற வேனிலிருந்து என்னைத் தள்ளிவிடுவாள்.

நேராகவே சொல்கிறேன். தமயந்தியின் குடும்பம் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது வீடு நீலசந்திராவில். கணவன் விஜய்குமார், ஏழு வயது மகள் மலர். பெங்களூரிலிருந்து குஜராத்தின் கட்ச் வரை காரிலேயே போவது என்று கிளம்பினார்கள். சூரத்தைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடக வண்டி இன்னொன்று நின்றிருந்தது. அத்தனை தூரத்தில் நம்ம ஊர் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் மனசு சும்மா இருக்குமா? ஓடிப்போய்க் கன்னடத்தில் கேட்டாள்.

"நீவு பெங்களூரா?"

"ஹௌது மேடம்! நீவு?"

பதில் சொன்னவள் நோரா. கணவர் பெர்னார்ட், மகள் லீனாவுக்கும் ஏழு வயதுதான். பெயர்களைக் கேட்டதும் மங்களூர்க் கிறிஸ்தவர்கள், தமிழ் வராது என்று தமயந்தி முடிவு கட்டிவிட்டாள். தமயந்தியின் காருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடியைப் பார்த்த நோரா, இவர்கள் அசல் கன்னடக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.* இரண்டு காரும் சேர்ந்தே போவதென்று ஏற்பாடு. இரண்டு நாள், இரண்டு அம்மாக்களும், தட்டுத் தடுமாறிக் கன்னடம் பேசினார்கள்.

(* கொடியை ஒட்டியது விஜய்குமார். இந்த ஆளைக் கொஞ்சம் கோழையாகக் காட்டலாமா என்று பார்த்தேன். "ஏய், அதெல்லாம் எழுதாத. ஒருவாட்டி சிக்னல்ல எவனோ கண்ணாடியத் தட்டி, தமிழ்ப் பாட்ட நிறுத்துன்னு சத்தம் போட்டான். பின்னாடி கொழந்த இருந்தா. மறுநாளு ஒட்டுனாரு. நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்றாள் தமயந்தி. நானும் ஒட்டியிருப்பேன். கோழை என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.)

3

மூன்றாம் நாள் காலை நெடுஞ்சாலை தாபா ஒன்றில் சாப்பிட்டார்கள். பின்புறம் ஆட்டுக்குட்டிகள் இருந்தன. லீனா சாப்பிட்ட களைப்பில் தங்கள் காரில் ஏறித் தூங்கிவிட்டாள். கிளம்புகிற நேரம், லாரிகளின் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே நோரா கேட்டாள்:

"மகு நம் காரல்லி பர்லா?" குழந்தை, அதாவது மலர், எங்கள் காரில் வரட்டுமா?

தமயந்தி கையை ஆட்டிச் சொன்னாள்: "பரவாகில்லா."

நம்முடைய பரவாயில்லைதான் அது. 'தாராளமாகக் கூட்டிப்போங்கள்' என்றும் ஆகும், 'வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்றும் ஆகும். தமிழாயிருந்தால் பின்னாலேயே நாலு வார்த்தை வந்து விழுந்திருக்கும்: "பரவால்ல, வரட்டும், ஜன்னல மட்டும் மூடிக்கங்க, அவளுக்குச் சளி." கன்னடத்தில் நீட்டினால் தமிழ்க்காரி என்ற குட்டு வெளிப்பட்டுவிடுமே! ஒரே சொல்லோடு வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டிப்போகச் சொல்லிவிட்டோம் என்று தமயந்தி தன் காரில் ஏறினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நோரா தன் காரில் ஏறினாள். மலர் ஆட்டுக்குட்டிக்கு டாட்டா சொல்லப் போயிருந்தாள்.

4

டோல்கேட்டைத் தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். மகளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்று பாட்டிலோடு நோராவின் காருக்குப் போனாள் தமயந்தி. பின் சீட்டில் லீனா மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கத்தினாளாம், என்ன கத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. நோரா தமயந்தியைத் தாங்கிப் பிடித்து அவள் காரிலேயே ஏறிக்கொண்டாள். விஜய்குமார் வண்டியைத் திருப்பினான். பெர்னார்ட் பின்னால் வந்தார்.

"தப்பு எம்மேலதான்க்கா. இன்னொருவாட்டி கேட்டிருக்கணும்" என்றாள் நோரா.

"அய்யோ, நான்தான் ஒழுங்கா சொல்லல. எம் புள்ள தனியா நிக்குது. பாஷ தெரியாத ஊரு."

"ஒண்ணும் ஆகாதுக்கா. அழாதீங்க."

நோரா ஜெபமாலையை எடுத்து முணுமுணுக்க ஆரம்பித்தாள். தமிழில். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது தமயந்திக்கு உறைக்கவில்லை. மேடம் எப்போது அக்கா ஆனது என்பதையும் அந்தக் காரில் யாரும் கவனிக்கவில்லை.

5

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்கார எழுத்தாளன் என்ன செய்வான்?

முடிவு அ: தாபாவில் கயிற்றுக் கட்டில் காலியாகக் கிடக்கிறது. ஒற்றைச் செருப்பு மட்டும்

எழுதினேன், ஒளிக்கவில்லை. செருப்பு வரை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எழுதியவனுக்கே இப்படியென்றால், அந்த வழி முழுக்கக் காரில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு அந்த முடிவு வேண்டவே வேண்டாம்.

நடந்தது இதுதான்: மலர் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாபாக்காரர் மனைவி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு மேல் மோர் மீசை.

"ஏன் இவ்ளோ லேட்டு? ரெண்டு காருல ஏதாவது ஒண்ணு வரும்னு ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டே இருக்கேன். அவங்களுக்குப் புரியவே இல்ல."

தமயந்தி மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அப்படியே அள்ளி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நோராவும் அழுதாள். தாபாக்கார அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, அவரும் அழுதார். விஜய்குமார் எல்லாருக்கும் மோர் சொன்னான். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது நிஜமாகவே நெஞ்சுக்குள் இறங்கி உட்காருவதை உணர்ந்தாளாம்.

6

மூக்கைத் துடைத்த பிறகுதான் தமயந்திக்கு உறைத்தது.

"நோரா, நீங்க தமிழா?"

"ஆமாக்கா, பெங்களூரு பிரேசர் டவுன்! நாலு தலைமுறையா அங்கதான். நீங்க?"

"கோலாரு தங்கவயலு!"

"அட கடவுளே, அப்ப அந்தக் கொடி?"

விஜய்குமார் மோர் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

"எங்களுக்கு அப்பவே தெரியுமே" என்றாள் மலர். "லீனாவும் நானும் மொதல் நாள்லேருந்து தமிழ்லதான் பேசுறோம்."

"அடிப்பாவி! ஏன்டி சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் கேம் ஆடுறீங்கன்னு நெனச்சோம். யாரு மொதல்ல தமிழ் பேசுறாங்களோ அவங்க அவுட்டுன்னு." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரும்மா அவுட்டு?"

இங்கேதான் எனக்குச் சிக்கல். முதலில் கத்தியது தான்தான், அதனால் தான்தான் அவுட் என்கிறாள் தமயந்தி. சரிபார்க்க நோராவுக்குப் போன் போட்டேன். "அக்கா பொய் சொல்றாங்க. பாட்டிலோட தனியா வரும்போதே, பாப்பா எங்கக்கான்னு நான்தான் மொதல்ல கேட்டேன். நான்தான் அவுட்டு, எழுதிக்கங்க" என்றாள். இதைத் தமயந்தியிடம் சொன்னால், "குடு போன, நானே அவகிட்ட பேசுறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். நீலசந்திராவுக்கும் பிரேசர் டவுனுக்கும் நடுவே இந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது, சத்தமாக, தமிழில். வேனில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இவள் குரலைத் தணிப்பதாக இல்லை.

அவுட் ஆவதற்கு இப்படி அடித்துக்கொள்கிறவர்களுக்கு நடுவில் நான் அம்பயராக நிற்க முடியாது. மலர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நீங்களே விரலைத் தூக்குங்கள்.